பழுது பொறியிலா, மொழியிலா?

"தமிழில் பாட்டெழுதலாம், பொறியைப் பழுது பார்க்க முடியுமா?" என்று கேட்பது தமிழ்ப்பகைவர்க்கு ஒரு பொழுதுபோக்கு. தமிழ்மண்ணிலேயே பிறந்து, தமிழர் உழைப்பில் உண்டு உடுத்து, தமிழில் முழுமையாக ஒரு சொற்றொடர் பேச நாணுகின்ற கூட்டம் இக்கேள்வியைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வருகின்றது. கேட்பவருள் பெரும்பாலோர் ஒரு திருகாணியைக்கூடத் தம் கையால் கழற்றி அறியாதவர். தாம் நுழைந்தறியாத பட்டறையைச் சான்றுக்கு அழைப்பவர்க்கு, அப்பட்டறைக்குள் நின்றே விடை கூறுதல் வேண்டும்.

குமரி மாவட்டத்தில், குளச்சலுக்கும் முட்டத்திற்கும் இடைப்பட்ட கடற்கரையூர் மண்டைக்காடு. பகவதியம்மன் கோயிலின் மாசிக் கொடை நாள்களில் தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஊர்திகள் வந்து அவ்வூரை நிறைக்கும். மற்றைய நாள்களில் தென்னையும் பனையும் கடலோசையுமே மிகுதி. அலைமேல் தவழ்ந்து வரும் காற்றில் உப்பு உண்டு. உப்புக்கும் இரும்புக்கும் தீராப் பகை. அத்தகைய ஊரில் பழைய மகிழுந்து ஒன்றை உயிரோடு வைத்திருத்தல் எளிய செயலன்று. அஃது ஒருவன் பொறியறிவை உரசிப் பார்க்கும் உரைகல்.

அவ்வூர்ப் பட்டறை ஒன்றின் வாயிலில் பழைய எரால்டு மகிழுந்து ஒன்று வந்து நிற்பதாகக் கொள்க. சென்னை இசுட்டாண்டர்டு குழும்பு 1961ஆம் ஆண்டு முதல் செய்து விற்ற உந்து அது. இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்த திரையம்பு எரால்டின் உடன்பிறப்பு. அதே ஆங்கிலக் குழும்பு 1962இல் இசுபிட்பயர் என்னும் இருவர் அமரும் திறந்த விரைவுந்தை வெளியிட்டபொழுது, எரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கியே அதனைச் செய்தது; அதே குடும்பத்துப் பொறியைப் பெருக்கியே அதனுள் வைத்தது. இரண்டிற்கும் உருவம் வரைந்தவர் இத்தாலியராகிய மிக்கெலொட்டி. சென்னை எரால்டின் பொறி 948 கன செ.மீ.; உருளையின் குறுக்களவு 63 மி.மீ. விரைவுந்தின் பொறி 1147 கன செ.மீ.; குறுக்களவு 69.3 மி.மீ. உருளைக்குள் ஏறி இறங்கும் தொலைவு இரண்டிற்கும் ஒன்றே, 76 மி.மீ. ஆகவே, ஒன்றன் நோயறிந்தவன் மற்றதன் நோயும் அறிவான். முன்மூடி முழுவதும் இரு தோள்களோடும் முன்புறம் கவிழ்ந்து திறக்கும். பொறி முழுதும் கண்முன் கிடக்கும். கற்பாருக்கு இதனினும் நல்ல பாடநூல் இல்லை.

உந்தின் நோய் என்ன? நின்றவிடத்தில் குலுங்குகின்றது. ஏற்றத்தில் இழுக்கவில்லை. சூடேறியபின் வழியிலேயே நின்றுவிடுகின்றது. சிறிது ஆறியபின் மீண்டும் புறப்படுகின்றது. பட்டறையின் மூத்தவர் தம் இளையவனிடம் கூறுவது இது: "லேய் மக்கா, மொதல்ல தீ வருதான்னு பாரு. பொறவு நெய்யைப் பாக்கலாம்." நாஞ்சில் நாட்டு வாய்மொழியில் வந்த இவ்விரு சொற்றொடர்களில் பொறிநோய் ஆய்வின் முதல் நெறியே அடங்கியுள்ளது. தீ, நெய், காற்றின் இறுக்கம் ஆகிய மூன்றும் உரிய நேரத்தில் கூடினால் பொறி ஓடும். மூன்றில் ஒன்று குறைந்தால் நிற்கும். குறைந்தது எது என்று ஒவ்வொன்றாக விலக்கிக் காண்பதே நோயறிதல்.

முதற்கண், நான்கு உருளைகளுள் உழைக்காதது எது என்று காணல் வேண்டும். பொறி மெல்ல ஓடும்பொழுது, உலர்ந்த காப்புக் குறட்டால் மின்கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுக. உழைக்கும் உருளையின் கம்பியைக் கழற்றினால் ஓசை தாழும், குலுக்கம் மிகும். உழைக்காத உருளையின் கம்பியைக் கழற்றினால் ஒன்றும் மாறாது. அதுவே நோயுற்ற உருளை.

அதனினின்று 'பிளக்கு' எனப்படும் சுடர்முளையைக் கழற்றி நுனியின் நிறம் காண்க. இளம்பழுப்பாயின் எரிதல் செவ்வையானது. உலர்ந்த கரிபடிந்திருப்பின் நெய் மிகுந்துவிட்டது. வெளுத்திருப்பின் நெய் குறைந்து சூடு மிகுந்தது. எண்ணெய்ப் பிசுக்காயின் உயவெண்ணெய் உள்ளே ஏறுகின்றது. நாடி பிடித்துப் பார்த்த மருத்துவன் நாவின் நிறத்தையும் பார்ப்பது போன்றதே இது. பின்னர் அம்முளையை அண்டை உருளைக்கு மாற்றிப் பொருத்துக. நோயும் உடன் சென்றால் முளையே கெட்டது. நோய் பழைய இடத்திலேயே நின்றால் முளை குற்றமற்றது. ஒரு வேளையில் ஒன்றனை மட்டுமே மாற்றுதல் வேண்டும். இரண்டை மாற்றியவன் எதனால் நோய் தீர்ந்தது என்று ஒருநாளும் அறியான்.

அடுத்தது இறுக்கம். உருளைக்குள் ஓடும் 'பிஸ்டன்' என்பது தமிழில் உலக்கை. முளைகளைக் கழற்றிவிட்டு, அழுத்தமானியை ஒவ்வோர் உருளையிலும் வைத்துப் பொறியைச் சுழற்றினால் இறுக்கம் தெரியும். ஓர் உருளையில் மட்டும் இறுக்கம் குறைவாயின், அதனுள் சிறிது உயவெண்ணெய் ஊற்றி மீண்டும் அளக்க. இறுக்கம் உயர்ந்தால் உலக்கையின் வளையங்கள் தேய்ந்துவிட்டன. எண்ணெய் அவ்விடைவெளியை அடைத்ததனால் உயர்ந்தது. உயராவிடின் 'வால்வு' எனப்படும் தடுக்கிதழ் சரியாக மூடவில்லை. அடுத்தடுத்த இரண்டு உருளைகளில் ஒருங்கே குறைந்தால், அவற்றிற்கு இடையிலுள்ள அடைதகடு எரிந்துபோயிருத்தல் கூடும். ஒரு மானியும் ஒரு கரண்டி எண்ணெயும் மூன்று நோய்களைப் பிரித்துக் காட்டுகின்றன.

தடுக்கிதழ்களை எளிதில் விட்டுவிடுதல் ஆகாது. ஈயம் கலந்த கன்னெய் 2000ஆம் ஆண்டோடு இந்நாட்டில் நிறுத்தப்பட்டது. மக்கள் நலத்திற்கு அது நன்றே. ஆயின், ஈயத்தின் காப்பை நம்பி வார்க்கப்பட்ட பழைய பொறிகளில், புகைபோக்கும் இதழ் அமரும் இருக்கை நாளடைவில் தேயும், இதழின் இடைவெளி குறைந்துகொண்டே வரும், முடிவில் இதழ் மூடாது, எரிந்துபோம். ஆகவே பொறி குளிர்ந்திருக்கும்பொழுது இடைவெளி 0.25 மி.மீ. உள்ளதா என்று தகடிட்டுப் பார்த்தல் வேண்டும். எட்டு இதழ்கள், ஒன்பது என்னும் எண்ணே திறவுகோல். எட்டாம் இதழ் முழுதும் திறந்திருக்கையில் முதல் இதழை அளக்க. ஆறாவது திறந்திருக்கையில் மூன்றாவதை அளக்க. கூட்டினால் எப்பொழுதும் ஒன்பது. எண்ணத் தெரிந்த எந்தச் சிறுவனும் இதனைத் தமிழில் ஒரு முறை கேட்டால் மறவான்.

இனி, சூடேறியதும் நிற்கும் நோய். இதற்கு மருந்து, நின்ற அந்நொடியிலேயே தீயைப் பார்ப்பது. ஆறவிட்டுப் பார்ப்பவன் நோயைத் தப்பவிட்டவன். அந்நொடியில் முளையில் தீ இல்லையெனின், சூட்டில் தளரும் மின்சுருளோ, தொடுமுனைகளைக் காக்கும் மின்தேக்கியோ கெட்டிருக்கும். பொறி நிமையத்திற்கு 3000 சுற்றுச் சுற்றும்பொழுது தொடுமுனைகள் நொடிக்கு 100 முறை திறந்து மூடுகின்றன. மின்தேக்கி கெட்டால் அத்தனை முறையும் அம்முனைகளில் தீப்பற்றிக் குழி விழும். முனைகளின் இடைவெளி 0.38 மி.மீ. இருத்தல் வேண்டும். மண்டைக்காட்டு உப்புக்காற்றில், மின்கலத்தினின்று உடற்சட்டத்திற்குச் செல்லும் கம்பியின் முடிச்சும் துருவேறும். பத்து நிமையம் தேய்த்து இறுக்க வேண்டியதை அறியாமல், விலையுயர்ந்த உறுப்புகளை மாற்றியோர் உண்டு.

தீ இருந்தும் பொறி நின்றதாயின், குற்றம் நெய்வழியில். தொட்டியினின்று நெய்யை ஏற்றும் இறைப்பியினுள் ஒரு சவ்வு உண்டு. 2025இல் இந்நாட்டுக் கன்னெய்யில் 20 விழுக்காடு எரிசாராயம் கலக்கும் நிலை எட்டப்பட்டது. எரிசாராயம் பழங்காலத்துத் தொய்வப் பொருள்களை உப்பச் செய்யும். குழாய்களை வெடிக்கச் செய்யும். ஈரத்தை ஈர்த்துத் தொட்டியில் துருவை வளர்க்கும். அத்துரு வடிகட்டியை அடைக்கும்; கடந்தால் 'கார்புரேட்டர்' எனும் கலப்பியின் நுண்துளையை அடைக்கும். சூட்டில் குழாயிலேயே நெய் ஆவியாகி வழிமறிப்பதும் உண்டு. இவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தறிய வேண்டுவது கையும் கண்ணும் சிந்தனையுமே.

இறுதியாக, இக்குடும்பத்துப் பொறிகளுக்கே உரிய கொடுநோய் ஒன்று. வணரித்தண்டு முன்பின் நகராமல் தடுக்கப் பின்புறத் தாங்கியில் இரண்டு பிறைத்தகடுகள் உள்ளன. அவை தேய்ந்து கீழே விழுந்துவிட்டால் தண்டு பொறியின் உடலையே அரைத்துவிடும். பின்னர்ப் பொறி உடைசலுக்கே உரியது. இதனைக் காண ஒரு காசும் வேண்டா. ஒருவர் 'கிளச்சு' மிதியை மிதிக்க, மற்றவர் முன்புறக் கப்பியைப் பார்த்திருந்தால் போதும். கப்பி கண்ணுக்குத் தெரிய முன்னே நகர்ந்தால் நோய் முற்றியது. நகர்ச்சி 0.1 முதல் 0.2 மி.மீ. வரை இருக்கலாம், மிகுந்தால் உடனே தகடு மாற்றுதல் வேண்டும்.

இதுகாறும் கூறியது ஒரு பொறியின் நோயும், நோய்முதலும், அது தணிக்கும் வாயும். இதில் தமிழ் எங்கே இடறி விழுந்தது? எந்த வரியில் மூச்சுத் திணறியது? தமிழால் முடியாது என்றவர் எந்த இடைவெளித் தகட்டை எந்த இதழிடையே நுழைக்க முடியாமல் நின்றார்?

உண்மையில் இருண்டு கிடப்பது இரவற்சொல்லே. தென்னாட்டுப் பட்டறைகள் பலவற்றில் மின்னை நான்கு முளைகளுக்கும் பங்கிடும் உறுப்பை 'டெல்கோ' என்பர். அஃது என்ன சொல்? அமெரிக்காவில் 1909இல் கெட்டரிங்கு என்பார் பிறருடன் தொடங்கிய குழும்பொன்றின் பெயர்ச்சுருக்கம். வேறெந்தக் குழும்பு செய்த உறுப்பாயினும் இங்கு அதற்கு அதே பெயர்! நாற்பது ஆண்டு அப்பெயரைச் சொல்லியும், அவ்வுறுப்பு செய்யும் தொழில் யாதென்று அச்சொல் ஒருநாளும் சொல்லாது. பகிர்வி என்று சொல்லிப் பாருங்கள். பெயரே பாடம் நடத்தும். தொடுமுனைகளைச் சிலர் 'பிளாட்டினம்' என்பர். பழைய காலத்தில் வெண்பொன் நுனி வைத்ததனால் வந்த பெயர். பின்னாளைய முனைகளிலோ இருப்பது 'டங்ஸ்டன்' என்னும் வேறொரு மாழை. இல்லாத பொருளை இருப்பதாகச் சொல்லும் பொய்ச்சொல் அது! தொடுமுனை என்பது பொய் சொல்லாது.

"இவையெல்லாம் உலகப் பொதுச்சொற்கள்" என்று அடுத்த வலை வீசுவர். எந்த உலகம்? செருமானியன் சுடர்முளையைத் தன் மொழியில் தீமூட்டும் மெழுகுதிரி என்கிறான். பிரெஞ்சுக்காரன் மெழுகுதிரி என்றே சொல்லி முடிக்கிறான். சீனன் தீப்பொறி அடைப்பான் என்கிறான். அவர்கள் செய்யும் உந்துகள் ஓடவில்லையா? ஆங்கிலன் வழங்கும் சொல்லின் வேரைத்தான் தோண்டுக. 'பிஸ்டன்' என்பது இடித்தல் என்னும் பொருள்பட்ட இத்தாலியச் சொல்லடியாகப் பிறந்தது, அதாவது, உலக்கை! 'வால்வு' என்பது இலத்தீனில் கதவின் ஒரு மடல், அதாவது, இதழ்! 'பெட்ரோலியம்' என்பது கல்லும் எண்ணெயும் சேர்ந்த சொல், அதாவது, கன்னெய்! அவன் தன் பாட்டன் வீட்டு உரலையும் கதவையும் கல்லையும் பொறிக்குள் கொண்டுபோனபொழுது அஃது அறிவியல்; தமிழன் தன் பாட்டி வீட்டு உலக்கையைக் கொண்டுபோனால் அது நகைப்பா? இந்நகைப்பின் பெயர் அடிமைத்தனம்.

பட்டறையின் பேச்சைக் கூர்ந்து கேட்பவர்க்கு ஓர் உண்மை புலப்படும். வண்டி இழுக்கவில்லை, இடிக்கிறது, திணறுகிறது, எண்ணெய் குடிக்கிறது, புகை தள்ளுகிறது, கசிகிறது, அடைத்துக்கொண்டது, தேய்ந்துவிட்டது, பிடித்துக்கொண்டது. நோயைக் கூறும் வினைகள் எல்லாம் தமிழ்! உறுப்பைக் கூறும் பெயர்கள் மட்டுமே அயல். இதன் பொருள் என்ன? தன் காதாலும் கையாலும் வினைஞன் கண்டறிந்தவற்றிற்கு அவனே தமிழ் கண்டான். மேலிருந்து அவனுக்கு இறக்கப்பட்டவற்றில்தான் ஆங்கிலம் வந்தது. உழைப்பவன் தமிழைக் கைவிடவில்லை. நூல் எழுத வேண்டியவரும் பாடம் சொல்ல வேண்டியவருமே அவனைக் கைவிட்டனர்.

இதனால் விளையும் கேடு சொல்லழகின் கேடன்று, வயிற்றின் கேடு. பத்தாம் வகுப்போடு பட்டறைக்கு வரும் சிறுவனுக்கு உறுப்பின் பெயர் பொருளற்ற ஓசையாகவே போய்ச் சேர்கின்றது. அவன் ஓசையை மனப்பாடம் செய்கின்றான், தொழிலை ஊகிக்கின்றான். ஊகம் தவறினால் 'இதை மாற்று, அதை மாற்று' என்பதே மருத்துவம் ஆகின்றது. நோயறிபவன் ஆகவேண்டியவன் உறுப்பு மாற்றுபவனாகச் சிறுத்துப்போகின்றான். இற்றை உந்துகளிலோ கணிப்பொறி அமர்ந்துவிட்டது; கருவியைச் செருகினால் 'பி 0301' என்று திரையில் எழுத்து வருகின்றது. முதல் உருளையில் தீ தவறுகின்றது என்பதே அதன் பொருள். முளையா, சுருளா, நெய்த்தெளிப்பியா, இதழா என்பதை அவ்வெழுத்து உரைக்காது. அவ்விடத்தில் மீண்டும் மாந்தன் சிந்திக்கவே வேண்டும். சிந்தனை தாய்மொழியில்தான் நடக்கும்.

தமிழில் அறிவியல் கற்பிக்க முடியாது என்பார்க்கு யாழ்ப்பாணம் முன்னரே விடை தந்துவிட்டது. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். முப்பதுக்கும் மேற்பட்டோரைத் தமிழ்வழியில் மருத்துவராக்கினார். மாந்த உடலின் நோயை ஓர் அயலவர் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே தமிழில் கற்பிக்கக் கூடுமாயின், இரும்புடலின் நோயைத் தமிழர் தமிழில் கற்பிக்கக் கூடாதோ? அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டுமானப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. வாயில் திறந்தது, ஆயின், அவ்வாயிலினின்று பட்டறைத் திண்ணை வரை பாதை போடப்படவில்லை. எண்ணெய்க் கையோடு புரட்டத்தக்க பழுதுநூல் தமிழில் எத்தனை? ஆங்கிலக் கையேடின்றி விற்கப்படும் மகிழுந்து இல்லை. தமிழ்க் கையேட்டோடு தமிழ்நாட்டில் விற்க வேண்டும் என்று கேட்பார் இல்லை.

தமிழ்ப்பற்றாளரும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அறையில் அமர்ந்து ஓர் உறுப்பிற்கு ஐந்து சொல் படைப்பதும், ஐவரும் தத்தம் சொல்லே சிறந்ததெனப் பூசலிடுவதும் தமிழ்த்தொண்டு ஆகாது. அவ்வைந்து சொல்லையும் பட்டறைக்கு எடுத்துச் செல்க. இரைச்சலுக்கு நடுவே கூவினால் காதில் விழுகின்ற சொல் எது? பத்தாம் வகுப்புப் பையனுக்கு ஒரு முறை கேட்டதும் தொழிலை உணர்த்துகின்ற சொல் எது? அதனை நிறுத்துக, மற்றவற்றை விடுக. வினைஞரின் வாயில் ஏறாத சொல் அகரமுதலியில் ஏறியும் பயனில்லை. கோவையில் கோ. து. நாயுடு அவர்கள் இளமையில் ஓர் ஆங்கிலரிடமிருந்து பழைய மிதியுந்துப் பொறியூர்தியை விலைக்கு வாங்கி, உறுப்புறுப்பாகப் பிரித்துப் பூட்டியே பொறியறிவு பெற்றார். மொழியையும் அவ்வாறே பிரித்துப் பூட்டிக் கற்பவர் இன்று வேண்டும்.

குமரி மண்ணில் நின்று இதனைச் சொல்வதற்குத் தனிப் பொருள் உண்டு. தமிழர் வாழும் நிலம் தமிழ்நாட்டோடு இணைய வேண்டும் என்று போராடி, 1954 ஆகத்து 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் சுட்டுக் கொல்லப்பட்டவரின் குருதி சிந்திய மாவட்டம் அது. 1956 நவம்பர் முதல் நாள் நிலம் இணைந்தது. வழக்குமன்றத்திலும் பள்ளியிலும் தமிழ் ஒலிக்க வேண்டும் என்று உயிர் கொடுத்தனர். அம்மண்ணின் பிள்ளை, தன் கையிலுள்ள உறுப்பின் பெயரைக்கூடத் தன் மொழியில் அறியாமல் நிற்பானாயின், இணைந்தது நிலம் மட்டுமே; மொழி இன்னும் எல்லைக்கு அப்பால் நிற்கின்றது.

நோயறிதலின் முதல் நெறி, குற்றமற்ற உறுப்பைக் கழற்றி எறியாதிருத்தல். நானூறு உறுப்புகளையும் நாவில் தாங்க வல்ல தமிழ் குற்றமற்றது. பழுது பொறியிலும் இல்லை, மொழியிலும் இல்லை, இரண்டையும் இணைக்கும் கம்பியில் துரு ஏறியுள்ளது. தேய்த்துத் துடைத்து இறுக்கினால் தீ வரும்.

தமிழ்த் தொழிலாளர்களே! கையில் திருப்புளி எடுக்கும்பொழுது நாவில் தமிழையும் எடுங்கள். ஆசிரியர்களே! பட்டறைக்கு ஒருநாள் வாருங்கள். கற்பிக்க மட்டுமன்று, கற்கவும். இன்று ஒரு பையனுக்கு ஓர் உறுப்பின் பெயரைத் தமிழில் சொல்லி அதன் தொழிலையும் சொல்லுங்கள். நாளை அவன் நோயறிவான். மறுநாள் பொறியே படைப்பான்!